இரவல் மூக்கு

மாதா திருநாள் பூசையில் தூபம் காட்டுகிற நேரத்தில்தான் வினோலியாவுக்கு விஷயம் தெரிந்தது. பாளையங்கோட்டைக் கோயிலில் அன்று நல்ல கூட்டம். சாமியார் தூபக்கலசத்தை வீசிக்கொண்டே நடுப்பாதையில் வந்தார். சாம்பிராணிப் புகை பெஞ்சு பெஞ்சாகத் தாண்டி வந்து அவள் முகத்தில் பட்டது. கண் கரித்தது, தொண்டை கமறியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் ஆன்லின் கண்ணை மூடி, "ம்ம்" என்று மூச்சை இழுத்தாள். வினோலியாவும் இழுத்தாள். புகையின் சூடு மட்டும் மூக்குக்குள் போனது. மணம் இல்லை.

முந்தின வாரம் வீட்டில் எல்லாருக்கும் காய்ச்சல் வந்து போயிருந்தது. அவளுக்கு மட்டும் சளியும் மூக்கடைப்பும் இழுத்துக்கொண்டே கிடந்தன. அடைப்பு விட்டால் ருசியும் மணமும் தானாக வரும் என்று இருந்தாள். இப்போது அடைப்பு இல்லை. காற்று தாராளமாகப் போய் வந்தது. அந்தக் காற்றில்தான் ஒன்றுமே இல்லை.

வெளியே வந்ததும் அவள் புருஷன் ஜோன்ஸ் கேட்டான். "என்ன வினோ, மொகம் ஒரு மாதிரி இருக்கு?"

"மணம் தெரியலங்க."

"எதுல?"

"எதுலயுமே."

அவன் நம்பவில்லை. வாசலில் பூ விற்கிறவளிடம் ஒரு முழம் பிச்சிப்பூ வாங்கி அவள் மூக்கருகில் பிடித்தான். "இப்ப?"

"ஈரம் தெரியுது. வேற ஒண்ணும் இல்ல" என்றாள் வினோலியா. சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

வேறு யாருக்காவது இது வந்திருந்தால் சாப்பாடு ருசிக்கவில்லை என்கிற கவலையோடு போயிருக்கும். வினோலியாவுக்கு மூக்குதான் வேலை. கங்கைகொண்டான் பக்கம் நாசர் என்பவர் நடத்துகிற தைல ஆலையில் அவள் பல வருஷமாக மணம் பார்க்கிறாள். வெட்டிவேர், எலுமிச்சைப்புல், யூக்கலிப்டஸ் இலை, துளசி, மருக்கொழுந்து என்று அந்தந்தப் பருவத்துக்கு லாரியில் வந்து இறங்கும். அதைப் பெரிய கொப்பரையில் திணித்து மூடி, அடியிலிருந்து நீராவி விடுவார்கள். ஆவியோடு தைலமும் மேலேறி, குளிர்ந்த குழாய் வழியாக இறங்கி, கண்ணாடிக் குடுவையில் தண்ணீர் வேறு தைலம் வேறாகப் பிரிந்து நிற்கும். அதில் ஒரு காகிதப் பட்டையின் நுனியைத் தொட்டு வினோலியா மோந்து பார்ப்பாள். அவள் "சரி" என்றால் அடைத்து அனுப்புவார்கள். "கருகிட்டு" என்றாலோ, "பச்ச அடிக்கு, இன்னும் கொஞ்சம் கெடக்கட்டும்" என்றாலோ ஒதுக்கி வைப்பார்கள். கொச்சியில் ஒரு பரிசோதனைக் கூடத்துக்கும் அனுப்புவதுண்டு. அங்குள்ள இயந்திரம் தைலத்தில் என்னென்ன எவ்வளவு கலந்திருக்கிறது என்று சொல்லும். மணம் நன்றாக இருக்கிறதா என்று சொல்லாது. வாங்குகிறவர்களோ மணத்துக்குத்தான் வாங்குகிறார்கள்.

அவள் பெயரே ஒரு வாசனை சோப்பின் பெயர். பெரியதாழையில் மீன்பிடிக் குடும்பம். அப்பாவின் அப்பா கொழும்பிலிருந்து கொண்டுவந்த சோப்புக் கட்டி ஒன்று பெட்டிக்குள் சேலைகளுக்கு நடுவே வருஷக்கணக்காகக் கரையாமல் இருந்ததாம். பெண் குழந்தை பிறந்ததும் அந்த உறையில் இருந்த பெயரையே வைத்துவிட்டார்கள். யாராவது சிரித்தால் அவளும் சேர்ந்து சிரித்து, "பேருக்கேத்த வேலைலா கெடச்சிருக்கு" என்பாள்.

மறுநாள் ஆலைக்குப் போகும் பேருந்தில் ஒரு யோசனை வந்தது. இரண்டு நாள் யாரிடமும் சொல்லாமல் இருந்து பார்த்தால் என்ன? நிறத்தையும் கெட்டியையும் வைத்தே ஓரளவு சமாளித்துவிடலாம். ஆனால் வாசலில் இறங்கும்போதே, ஏரலிலிருந்து வந்த லாரி நிற்பதைப் பார்த்தாள். வெட்டிவேர்க் கட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். வேரின் சொந்தக்காரர் காசிலிங்கம் அண்ணாச்சி வேப்பமர நிழலில் நின்று ஒவ்வொரு கட்டையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

காசிலிங்கம் வாழை விவசாயி. இரண்டாயிரத்து இருபத்து மூன்று டிசம்பரில் வந்த வெள்ளத்தில் தாமிரபரணி அவர் தோட்டத்துக்குள் புகுந்தது. வடிந்தபோது வாழை ஒன்றும் நிற்கவில்லை. வயல் முழுக்க இடுப்பளவு ஆற்றுமணல். அள்ளி மாளாத மணல். வெட்டிவேருக்கு மணல்தான் பிடிக்கும், வேர் நேராக ஆழத்துக்கு இறங்கும், இழுத்தால் அறாமல் வரும் என்று நாசர்தான் அவரை நட வைத்தார். இது முதல் அறுவடை. தைலம் நன்றாக இருந்தால் வருஷாவருஷம் முழு வயலையும் ஆலையே எடுத்துக்கொள்ளும். இல்லையென்றால் அந்த மணலை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியாது.

அவர் முகத்தைப் பார்த்த பிறகு வினோலியாவால் மறைக்க முடியவில்லை. நேராக நாசரின் அறைக்குப் போய்ச் சொன்னாள்.

"கொஞ்சங்கூடத் தெரியலயா?" என்றார் நாசர். மேலப்பாளையத்தில் அவருடைய வாப்பா அத்தர் விற்றவர். இவர் மேசை இழுப்பறையில் அகில் கட்டையில் எடுத்த ஊது அத்தர் எப்போதும் ஒரு சின்னக் குப்பி இருக்கும். அறையில் திறந்தால் வாசலில் நிற்பவன் திரும்பிப் பார்ப்பான். அதை எடுத்து அவள் மணிக்கட்டில் தடவினார். வினோலியா மோந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். நாசர் குப்பியைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டார்.

"யா அல்லா" என்றார். பிறகு எழுந்து கார் சாவியை எடுத்தார். "வா, டாக்டரப் பாப்போம்."

"வேரு வந்து எறங்குதே பாய்."

"வேரு எங்கயும் ஓடிப் போவாது. நீ ஏறும்மா."

காது மூக்கு தொண்டை மருத்துவர் கலைச்செல்வி ஒரு மெல்லிய குழாயை மூக்குக்குள் விட்டு நன்றாகப் பார்த்தார். "உள்ள அடைப்போ வளர்ச்சியோ எதுவும் இல்ல. காய்ச்சல்ல மணம் அறியுற நரம்பு அடிபட்டிருக்கு. நெறையப் பேருக்குத் திரும்ப வருது. எப்போன்னு என்னால உறுதியாச் சொல்ல முடியாது."

"வராமலே போயிருமா டாக்டர்?"

"சிலருக்கு அப்படியும் ஆகுது. அதுக்காகச் சும்மா இருக்க வேண்டாம். ஒரு பயிற்சி இருக்கு. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூக்கலிப்டஸ், இந்த நாலு தைலத்தையும் தனித்தனிக் குப்பியில எடுத்துக்கிடுங்க. காலையும் சாயங்காலமும் ஒவ்வொண்ணா மோந்து பாருங்க. தெரியலன்னாலும் விடாதீங்க. அந்த மணம் எப்படி இருக்கும்னு நெனச்சுக்கிட்டே மோந்து பாக்கணும். அதுதான் முக்கியம்." பேனாவை எடுத்தவர், "இந்தத் தைலமெல்லாம் எங்க கிடைக்கும்னு எழுதித் தரவா?" என்று கேட்டார்.

காலையிலிருந்து இறுகிப்போயிருந்த நாசர் அப்போதுதான் சிரித்தார். "டாக்டரம்மா, நாங்க அதுலதாம்மா கெடந்து ஊறிக்கிட்டு இருக்கோம்!"

அன்று சாயங்காலமே பயிற்சி தொடங்கியது. சாப்பாட்டு மேசையில் நாலு குப்பி. ஜோன்ஸுக்குத் தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வேலை. அசதியோடு வந்தாலும் எதிரில் உட்கார்ந்துகொள்வான். ஆன்லின் குப்பியைத் திறந்து நீட்டுவாள். அவளுக்கு அது ஒரு விளையாட்டு.

"இது கிராம்பும்மா. நெனச்சுப் பாரு."

வினோலியா கண்ணை மூடிக்கொள்வாள். கிராம்பு என்றதும் அவளுக்கு அப்பாவின் கடைவாய்ப்பல்தான் நினைவுக்கு வந்தது. பல்வலியோடு கடலுக்குப் போகிற நாட்களில் பஞ்சில் கிராம்புத் தைலம் நனைத்து அதக்கிக்கொள்வார். பேசினால் காரமும் இனிப்புமாக வாயிலிருந்து மணம் வரும். யூக்கலிப்டஸ் என்றால் கொதிக்கிற தண்ணீரும் தலைக்கு மேல் போர்வையும். இவ்வளவு தூரம் நம் வீட்டு மணமாகிப்போன அந்த மரம் கடல் கடந்து ஆஸ்திரேலியாவிலிருந்து நீலகிரிக்கு வந்ததாம் என்று நாசர் சொன்னபோது அவள் முதலில் நம்பவில்லை. ரோஜா என்றால் கல்யாண வாசலில் வெள்ளிச் செம்பை உதறித் தெளிக்கிற பன்னீர். நாசரின் மகள் கல்யாணத்தில் வினோலியாவின் கண்ணுக்குள்ளேயே தெளித்துவிட்டார்கள். எலுமிச்சைக்கு ஜோன்ஸ் உதவினான்.

"கிரேன்ல இருந்து எறங்கி மொதல்ல ஒரு எலுமிச்சம்பழத்தப் பிழிஞ்சு உப்புப் போட்டுக் குடிப்பேம்லா, பழத்துல கத்தி வச்சதும் மூக்குல சுருக்குன்னு அடிக்கும் பாரு, அது."

நினைப்பு எல்லாம் துல்லியமாக வந்தது. மூக்கு மட்டும் வாயே திறக்கவில்லை.

ஆலையில் வேலை நிற்க முடியாது. கொப்பரையில் ஏற்றிய காசிலிங்கத்தின் வேர் ஒரு நாளுக்கு மேல் ஆவியில் வெந்து, முதல் தைலம் இறங்கிவிட்டது. தேன்போல் கெட்டியாக, செம்மஞ்சளாகக் குடுவையில் நின்றது. யார் மணம் பார்ப்பது? நாசர் வருஷக்கணக்காக மூக்குப்பொடி போட்டவர். அவர் மூக்குக்கு ஊது அத்தரைத் தவிர மற்றதெல்லாம் ஒன்றுதான்.

"கலையரசிக்கா மோந்து பாக்கட்டும்" என்றாள் வினோலியா. "எப்படி இருக்குன்னு அவ சொல்லட்டும். சரியா இல்லையான்னு நான் சொல்லுதேன்."

கலையரசி கொப்பரையில் வேர் திணிக்கிறவள். நாங்குநேரிப் பக்கத்துக்காரி, வினோலியாவைவிடப் பத்து வயது மூத்தவள், எதையும் முகத்துக்கு நேராகச் சொல்லுகிறவள். கூப்பிட்டதும் இரண்டு கையையும் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள். "எனக்கு என்ன தெரியும்? நல்ல வாடை, கெட்ட வாடை. அம்புட்டுதான்."

வினோலியா உடனே புதுத் தைலத்தைக் கொடுக்கவில்லை. அலமாரியில் மாதிரிக்காக வைத்திருந்த பழைய குப்பிகளை எடுத்தாள். ஒவ்வொன்றின் மணமும் அவளுக்கு மனப்பாடம். கலையரசி என்ன வார்த்தையில் சொல்லுகிறாள் என்று தெரிந்துகொண்டால் போதும்.

எலுமிச்சைப்புல் தைலத்தை நீட்டினாள்.

"தரை தொடைக்கிற வாடை. கொசுவுக்கு வெளக்குல ஊத்துவோம்லா, அது" என்றாள் கலையரசி.

"அது எதுக்குன்னு கேக்கல எக்கா. எப்படி இருக்கு?"

கலையரசி மறுபடி மோந்தாள். "எலுமிச்சங்காய நகத்தால கீறுனா வர்ற வாடை. அதுக்கடியில பச்சப்புல்லு."

அடுத்தது, இரண்டு வருஷம் ஊறிய நல்ல வெட்டிவேர்த் தைலம்.  கலையரசி காகிதப் பட்டையைத் தள்ளிப் பிடித்தாள், கிட்டே கொண்டுவந்தாள்.

"புது மண்பானையில தண்ணி ஊத்துனதும் வருமே, அது. பொறவு ஒரு பொகை இருக்கு. அடுப்புப் பொகை இல்ல. எங்கயோ தூரத்துல எவனோ கரும்புத் தோகைய எரிக்கான், காத்துல வருது, அந்தப் பொகை."

வினோலியாவுக்கு உடம்பு சிலிர்த்தது. மணத்தை அவள் மோக்கவில்லை, ஆனால் அது எதிரில் வந்து நின்றது. கருகிப்போன குப்பிக்கு "பாலு அடிப்பிடிச்ச சட்டி" என்றாள் கலையரசி. இறக்கின கையோடு எடுத்து அடைத்து வைத்த பச்சைத் தைலத்துக்கு "உருளக்கெழங்குத் தோலு" என்றாள். எல்லாம் சரியாக இருந்தது. கடைசியாக வினோலியா காசிலிங்கத்தின் தைலத்தை நீட்டினாள்.

"மண்பானை இருக்கு" என்றாள் கலையரசி. "உருளக்கெழங்குத் தோலும் இருக்கு."

"புதுசுல்லா, அப்படித்தான் இருக்கும். கொஞ்சநாள் கெடந்தா போயிரும். நல்லது. வேற?"

"வேற..." கலையரசி முகத்தைச் சுளித்தாள். "மழைக்குச் செருப்பு வாங்குவோம்லா. கடையில பொட்டியத் தொறந்ததும் குப்புன்னு ஒரு வாடை வரும். அது அடிக்கு."

வினோலியா திடுக்கிட்டாள். இத்தனை வருஷத்தில் எந்த வெட்டிவேரிலும் ரப்பர் வாடை வந்ததில்லை. "நல்லாப் பாருக்கா."

"பாத்துட்டேன். செருப்புதான்."

தைலம் இறங்கியதைக் கேள்விப்பட்டு வந்து வாசலில் நின்ற காசிலிங்கம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பைய உள்ளே வந்தார். அவர் முகம் வெளிறியிருந்தது. "வெள்ளத்துல டயரு, பிளாஸ்டிக்கு, என்னெல்லாமோ அடிச்சிட்டு வந்துச்சும்மா. மேல கெடந்ததப் பொறுக்கிட்டோம். மணலுக்குள்ள என்ன கெடக்கோ, யாருக்குத் தெரியும்? அதத்தான் வேரு உறிஞ்சியிருக்கோ?"

 நாசர் மூக்குப்பொடி டப்பாவை எடுத்து, திறக்காமலே திரும்பச் சட்டைப்பையில் போட்டார்.

மூக்கு சரியாக இருந்திருந்தால் வினோலியா ஒரு நொடியில் முடிவு சொல்லியிருப்பாள். "வேண்டாம்" என்றே சொல்லியிருப்பாள். இப்போது அவளால் சொல்ல முடியவில்லை. சொல்லுவதற்கு முன் இன்னும் கேட்க வேண்டியிருந்தது. "எக்கா, இன்னும் கொப்பரைக்குப் போகாத வேரு இருக்குல்லா, அத மோந்து பாரு" என்றாள்.

கலையரசி கட்டு கட்டாக முகத்தைப் புதைத்துப் பார்த்தாள். "செருப்பு இல்ல."

ஒரு பிடி வேரைப் பாத்திரத்தில் போட்டு அடுப்பில் கொதிக்க வைத்தார்கள். கலையரசி ஆவியில் குனிந்தாள். "இதுலயும் இல்ல. தாகத்துக்குக் குடிக்கலாம் போலருக்கு."

"அப்ப தைலத்தோட எறங்குன தண்ணி?"

அதை மோந்ததும், "இந்தா இருக்கு!" என்றாள் கலையரசி. இப்போது அவளுக்கே வேகம் வந்துவிட்டது. யாரும் சொல்லாமலே கொப்பரைப் பக்கம் போய், குழாயை மோந்தாள், குளிர்தொட்டியை மோந்தாள். கடைசியில் மூடியைத் தூக்கி, அதன் விளிம்பில் மூக்கை வைத்தவள் தலையைச் சடாரென்று பின்னால் இழுத்தாள். "ஏ வினோலியா! இங்கன வா! இதுதான்!"

குக்கர் மூடிக்குப் போடுவதுபோல் கொப்பரை மூடிக்கும் ஒரு ரப்பர் வளையம் உண்டு. வினோலியா காய்ச்சலில் படுத்திருந்த நாட்களில் பழையது கிழிந்து, அவசரத்துக்கு டவுனில் ஏதோ கடையில் வாங்கிப் போட்டிருந்தார்கள். ஆவிச் சூட்டில் அது வெந்து வாடையை விட்டிருக்கிறது. முன்போல் அந்த நாட்களில் அவள் வேலைக்கு வந்திருந்தால் கொப்பரைக் கூடத்துக்குள் நுழைந்த உடனேயே தெரிந்திருக்கும்.

காசிலிங்கம் வளையத்தைத் தானே கையில் வாங்கி மோந்து பார்த்தார். "செருப்பேதான்" என்றவர், அங்கே கிடந்த காலிக் கேனில் பொத்தென்று உட்கார்ந்து, துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். "நான் என்னெல்லாமோ நெனச்சிட்டேன் பாய். ஆறு எங்களக் கைவிட்டுட்டுன்னு நெனச்சிட்டேன்."

"ஒம்ம வேருல ஒண்ணும் இல்ல வே. தப்பு எங்க மூடியில" என்றார் நாசர். இப்போது டப்பாவைத் திறந்து தாராளமாகப் பொடி எடுத்துக்கொண்டார். காசிலிங்கத்துக்கும் நீட்டினார்.

வாடை பிடித்த தைலத்தை ஒதுக்கிவிட்டு, கொப்பரையைக் கழுவி, நல்ல வளையம் போட்டு, மிச்ச வேரை ஏற்றினார்கள். அதில் செருப்பு இல்லை என்று கலையரசி அடித்துச் சொன்னாள். மண்பானையும் தூரத்துப் புகையும் முதல் நாளே கிடைத்துவிட்டன. வினோலியா "சரி" என்றாள். வேறொருத்தி மூக்கை நம்பிச் சொன்ன அந்தச் சொல்லுக்குப் பிறகு அவள் நிம்மதியாகத் தூங்கவில்லை. தைலம் ஊறி, மாதிரிக்குப் போய், மும்பையிலிருந்து வாசனைத் திரவியக்காரர்கள் "இதே வேர்தான் இனி வேண்டும்" என்று சொன்ன பிறகுதான் தூங்கினாள். நாசர் அன்றே ஏரலுக்குப் போய்க் காசிலிங்கத்திடம் நேரில் சொல்லிவிட்டு வந்தார்.

கோடையில் ஒருநாள் காலை காப்பி போட்டுக்கொண்டிருந்தபோது வினோலியாவுக்கு ஏதோ வாடை அடித்தது. சந்தோஷத்தில் கத்தப் போனவள், அடுத்த மூச்சில் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். ஈரச் சாக்கை எரித்ததுபோல் ஒரு நாற்றம். காப்பி அப்படி நாறியது. வெங்காயம் வதக்கினால் அதே நாற்றம். மேசையில் இருந்த நாலு குப்பியில் ரோஜாவும் கிராம்பும் அதே சாக்கு. ஆறிய சோறும் மோரும் வெள்ளரிக்காயும்தான் உள்ளே இறங்கின.

அன்று மாலை பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவந்த ஆன்லின் வழக்கம்போல் மடியில் ஏறிக் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். வினோலியாவுக்குக் குமட்டியது. தன்னை அறியாமல் பிள்ளையைத் தள்ளிவிட்டாள்.

ஆன்லின் தன் சட்டையை மோந்து பார்த்தாள். "எம்மேல நாத்தமாம்மா?"

"ஒம்மேல இல்லட்டி. அம்மா மூக்குலதான் நாத்தம்."

பிள்ளை குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நெடுநேரம் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. தலையெல்லாம் சோப்பு நுரையோடு வெளியே வந்து, "இப்பப் பாரு" என்று தள்ளியே நின்றாள். வினோலியா மூச்சைப் பிடித்துக்கொண்டு அவளை அணைத்தாள். அதைவிட ஒன்றுமே தெரியாமல் இருந்ததே மேல் என்று அப்போது அவளுக்குத் தோன்றியது.

மருத்துவரிடம் அழாத குறையாகச் சொன்னாள். கலைச்செல்வி முழுவதும் கேட்டுவிட்டுச் சிரித்தார். "நல்ல சேதிதாம்மா கொண்டு வந்திருக்கீங்க. நரம்பு திரும்ப வளருது. வளரும்போது ஒயர மாத்தி மாத்திக் குடுத்திருது. அதான் எல்லாம் ஒண்ணு போல நாறுது. பெரும்பாலும் கொஞ்சம் கொஞ்சமா சரியாயிரும். குப்பிய விட்டுராதீங்க."

"அப்ப நான் மோசமாகலயா?"

"தேறிக்கிட்டு வாறீங்க."

மருத்துவமனைப் படியில் இறங்கும்போதே அவள் ஜோன்ஸுக்குப் போன் பண்ணினாள். கிரேன் மேலிருந்து பேசினான். காற்றுச் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. "தேறிக்கிட்டு வாறேனாம்" என்று இரண்டு தடவை கத்தினாள். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

நாற்றம் நாளுக்கு நாள் மெலிந்தது. மழைக்காலத் தொடக்கத்தில், காசிலிங்கம் அடுத்த நடவுக்கு வெட்டிவேர்த் தூர்களை எப்படிப் பிரிக்கிறார் என்று பார்த்துவர நாசர் அவளை ஏரலுக்கு அனுப்பினார். வயலைப் பார்த்துவிட்டுத் திருநெல்வேலிப் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வண்டி புறப்படும் நேரத்தில் ஒரு பெண் ஓலைப்பெட்டியோடு ஏறி, அதை வினோலியாவின் காலடியில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அடுத்த நொடி முன்னால் இருந்தவர் மூக்கைப் பொத்தினார்.

"என்னம்மா இது, கருவாட்ட பஸ்ஸுக்குள்ள கொண்டாந்து வச்சிருக்க? நாறுதுல்லா?"

"பின்ன, மணக்கவா செய்யும்? நானும் டிக்கெட் எடுத்துதான் வாரேன் அண்ணாச்சி" என்றாள் அந்தப் பெண்.

வினோலியா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். சாக்கு இல்லை. எரிந்த நாற்றம் இல்லை. உப்பு. வெயிலில் காய்ந்த மணல். வலை உலர்த்துகிற கம்பி. அதற்கு நடுவில் நெத்திலியின் அந்தக் கூர்மையான வாடை. இன்னும் ஒன்று அடியில் இருந்தது, கொழுப்பாக, கனமாக. அவள் குனிந்து ஓலைப்பெட்டிக்கு மேல் முகத்தை வைத்தாள்.

"எக்கா, நெத்திலிக்கு அடியில சாளையும் வச்சிருக்கியளா?"

"ஆமா. எப்படிக் கண்டுபிடிச்ச? மேல நெத்திலிதான கெடக்கு?"

 வினோலியாவுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. சிரித்துக்கொண்டே அழுதாள். முன்னால் இருந்தவர் தன்னால்தான் அழுகிறாள் என்று நினைத்துப் பதறிவிட்டார். "சரி சரி, இருக்கட்டும்மா, நான் ஒண்ணும் சொல்லல" என்றார்.

"நல்ல வாடை அண்ணாச்சி" என்றாள் வினோலியா. "அருமையான வாடை." கருவாட்டுக்காரியிடம் சாளையும் நெத்திலியும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். ஸ்ரீவைகுண்டம் தாண்டி ஆற்றங்கரையோரம் வண்டி போனபோது ஈர மண்ணும் நெல்லும் ஜன்னல் வழியாக வந்தன. டீசலும் வந்தது. ஒவ்வொன்றும் தன் தன் பெயரோடு வந்தது.

வீட்டில் ஆன்லின் கொஞ்சம் தள்ளியே நின்று, "கை கழுவிட்டேன்" என்றாள். அவளுக்கு அது பழக்கமாகிவிட்டிருந்தது. வினோலியா பிள்ளையை இழுத்து, உச்சந்தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தேங்காய் எண்ணெய், வியர்வை, சாக்பீஸ் தூள், மதியம் சாப்பிட்ட புளிச்சோறு. விடவே இல்லை.

"மூச்சு முட்டுதும்மா!" என்று கத்தினாள் ஆன்லின். ஆனால் அவளும் நகரவில்லை. ஜோன்ஸ் சட்டியை அடுப்பில் வைத்துக் கருவாட்டை வறுக்கத் தொடங்கினான். அந்தத் தெருவுக்கே தெரிந்தது.

மறுநாள் ஆலையில் கலையரசி, இத்தனை மாதமும் மணம் பார்த்துவந்த மேசையை விட்டு எழுந்தாள். "ஒன் மூக்கு வந்திட்டுல்லா, நான் கொப்பரைக்குப் போறேன்."

"நீ எங்க போற எக்கா? இன்னொரு நாற்காலி போடச் சொல்லியாச்சு" என்றாள் வினோலியா. நாசரும் தலையாட்டினார்.

அன்று இறங்கியிருந்தது எலுமிச்சைப்புல் தைலம். இருவரும் ஆளுக்கொரு பட்டையை மோந்தார்கள்.

"வைக்கோல் அடிக்கு. புல்லு வாடிப்போய் வந்திருக்கு" என்றாள் வினோலியா.

"வைக்கோலா? பச்சப்புல்லு! இப்ப அறுத்த மாதிரி இருக்கு. ஒனக்கு இன்னும் முழுசாத் தேறல."

"எனக்கா தேறல? எக்கா, அடியில மோந்து பாரு, அடியில."

"அடியும் பாத்தாச்சு, முடியும் பாத்தாச்சு."

சத்தம் கேட்டு வந்த நாசர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு மூக்கு கெடச்சிட்டுன்னு இப்பதான் சந்தோசப்பட்டேன். கூடவே ரெண்டு நாக்கும்லா வந்திருக்கு" என்றார்.

"வாங்க பாய், புல்லுக்கட்டப் பிரிச்சே பாத்திருவோம்" என்று கலையரசி சேலையைச் சொருகிக்கொண்டு முற்றத்துக்கு இறங்கினாள். வினோலியா கையில் இருந்த பட்டையை இன்னொரு தடவை மோந்துவிட்டு, சிரித்துக்கொண்டே பின்னால் ஓடினாள்.